பத்தரை மணி நைட்டி

நைட்டி என்று நாம் பெயர் வைத்திருக்கும் துணியை இரவில் மட்டும் உடுத்தி, விடிந்ததும் கழற்றி மடித்து வைக்கிற ஒரே ஒரு பெண்ணை உங்கள் தெருவில் காட்ட முடியுமா? அவசரமில்லை, தேடிப் பாருங்கள். பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வருகிறவள், பிள்ளையைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டு ஓட்டுநரிடம் சண்டை பிடிக்கிறவள், மீன்காரியை நிறுத்தி மத்தியைப் புரட்டிப் பார்க்கிறவள், ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவள், எல்லாரும் நைட்டியில்தான் இருக்கிறார்கள். சமையலும் துணி துவைப்பதும் கிணற்றடியும் மாவு மில்லும் அதில்தான் நடக்கின்றன. தென்னாட்டுப் பெண்கள் பாதி நாளை உழைத்துக் கழிக்கிற உடுப்பு அது. பெயரில் மட்டும் இரவு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு பெயரில் இரவு ஒட்டிக்கொண்டிருப்பதால் ஒரு மனுஷியின் பதின்மூன்று வருஷ வேலையை இல்லை என்று சொல்லிவிட முடியுமா? முடியும். திருவனந்தபுரத்தில், ஒரு சர்க்கார் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், பிச்சம்மாளிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பிச்சம்மாளுக்கு நாற்பத்தொன்பது வயது. பிறந்தது பூதப்பாண்டிக்குப் பக்கத்தில். ஆரியசாலையில் மூட்டை சுமந்துகொண்டிருந்த வேலாயுதனைக் கட்டிக்கொண்டு திருவனந்தபுரம் வந்தாள். கடைத்தெருவுக்குப் பின்னால், மூன்று சந்து தள்ளி, இரண்டு அறை லைன் வீடு. ஒரே மகள் நீது. நீதுவுக்குப் பதினொரு வயதாகும்போது வேலாயுதனுக்கு முதுகு போயிற்று. அதன்பின் ஐந்து வருஷம் கட்டிலில் கிடந்துவிட்டு அவன் இறந்தான். அவன் படுத்த மாதமே பிச்சம்மாள் திரவியத்தின் மிளகாய் மில்லுக்கு வேலைக்குப் போனாள்.

திரவியம் மசாலா மொத்த வியாபாரி. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த குடும்பம், மூன்றாம் தலைமுறை. தெருவைப் பார்த்தாற்போல் கடை. கடைக்குப் பின்னால், ஒரு முழ அகலச் சந்தைத் தாண்டினால், அவர்களுடைய பழைய குடும்ப வீடு. குடும்பம் நல்ல காற்று உள்ள இடமாகப் பார்த்துக் குடிபெயர்ந்ததும் அந்த வீட்டின் கூடத்தில் பொடிக்கிற மிஷினை இறக்கினார்கள். படுக்கையறைகளில் மூட்டை, அடுக்களையில் பாக்கெட் போடும் பெண்கள். ஆனாலும் அதன் பெயர் மாறவில்லை. முன்னால் இருப்பது கடை, பின்னால் இருப்பது வீடு. "வீட்டுல கரண்டு போயாச்சு", "வீட்டுல மல்லி இறக்கியாச்சா?", "பிச்சம்மா எங்க, வீட்டுலயா?" இப்படித்தான் அங்கே எல்லாரும் பேசினார்கள். கணக்குப்பிள்ளை ஹரிநாராயணன் கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் இருக்கிறவர். தாம் குடியிருக்கிற இடத்துக்கு அவர் 'ஆம்' என்பார். வீடு என்றால் அவருக்கும் அந்த மிளகாய்க் கிடங்குதான்.

பிச்சம்மாள் சேலை கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனாள். மூன்றாம் மாதம் ஒரு விபரீதம் நடந்தது. மிஷினில் கூட நின்று மிளகாய் போட்டுக்கொண்டிருந்த செண்பகவல்லியின் முந்தானை பெல்ட்டில் சிக்கியது. அவள் ஜன்னல் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சேலை முழுவதும் உருவிக்கொண்டு போய்ச் சக்கரத்தில் சுற்றியது. பிச்சம்மாள் ஓடிப்போய் மெயினை இழுத்தாள். உள்பாவாடையோடு நின்று நடுங்கிய செண்பகவல்லி அதற்குப் பிறகு வேலைக்கு வரவேயில்லை.

மறுநாள் திரவியம் வீட்டுக்கு வந்து பெண்களை வரிசையாக நிறுத்தினார்.

"இனி ஒருத்தியும் சேலை கட்டிட்டு மிஷின் பக்கம் வரப்பிடாது. நைட்டி போடுங்க. மேல ஒரு சட்டை. அம்புட்டுதான்."

"ஐயோ மொதலாளி, நைட்டியப் போட்டுட்டு தெருவுல எப்படி நடக்க?" என்றாள் பிச்சம்மாள்.

"மூணு சந்துதானே நடக்கணும்? மேல ஒரு துவர்த்தப் போட்டுட்டு வா. உன்ன யாரு பெண்ணு பாக்கவா வாறான்?"

பெண்கள் சிரித்தார்கள். பிச்சம்மாளும் சிரித்தாள். அவள் ஊரில் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகிறபோதுதான் நைட்டி வாங்குவார்கள். முதல் ஒரு வாரம் தோளில் போட்ட துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக நடந்தாள். அப்புறம் கை தானாக விட்டுவிட்டது. நைட்டிக்கு மேல் வேலாயுதனின் பழைய சட்டைகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். அவன் இறந்தபோது பெட்டியில் இருந்த எட்டுச் சட்டைகளும் ஒவ்வொன்றாக மிளகாய்ச் சிவப்பேறி, மிஷின் பக்கத்தில் கிழிந்தன.

அந்த வருஷ ஓணத்துக்குத் திரவியம் வழக்கம்போல வேலைக்காரர்களுக்குப் புதுத்துணி கொடுத்தார். ஓணக்கோடி கொடுக்காத முதலாளியை இந்த ஊரில் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். ஆண்களுக்கு வேட்டி. பெண்கள் நால்வருக்கும் நைட்டி. ஒரே கட்டுத் துணியில் தைத்தது. காவி நிறத்தில் மஞ்சள் பூ. "பாத்து எடுத்தது, கேட்டியா. மொளகாக் கறையும் தெரியாது, மஞ்சக் கறையும் தெரியாது" என்று அவருக்குப் பெருமை வேறு. அதற்கப்புறம் ஒவ்வொரு ஓணத்துக்கும் நைட்டிதான். பூவின் வடிவம் வருஷத்துக்கு ஒன்று மாறும், நிறம் மாறாது. ஆரியசாலைக்காரர்கள் தூரத்தில் வரும்போதே நைட்டியைப் பார்த்து, திரவியம் கடைப் பெண்கள் என்று சொல்லுவார்கள். தொப்பியும் பட்டையும் இல்லை என்பதைத் தவிர அது யூனிஃபார்ம் இல்லாமல் வேறென்ன?

இந்த வேலையில்தான் நீது படித்தாள். இப்போது அவளுக்கு இருபத்துநான்கு. கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே செய்யலாம். அந்த நாட்களில் அவள் கரடிப் படம் போட்ட பைஜாமாவும் மேலே காலர் வைத்த வெள்ளைச் சட்டையுமாகக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் தலையணை, தலையணைமேல் லேப்டாப் என்று அமெரிக்காக்காரர்களிடம் பேசுவாள். முதல் நாள் பிச்சம்மாள் பதறிப்போனாள்.

"எந்திச்சுக் குளிச்சு நல்லதா உடுத்திட்டு இரி மக்ளே. ஆபீஸ்காரங்க பாத்தா என்ன நெனப்பாங்க?"

"அம்மே, இடுப்புக்கு மேலதான் அவங்களுக்கு ஞான். இடுப்புக்குக் கீழ உனக்கு."

கம்பெனி அவளைக் கேள்வி கேட்கவில்லை. பைஜாமாவில் இருப்பவள் தூங்குகிறாள் என்று எவனும் சொல்லவில்லை. கரடிப் படத்தோடு உட்கார்ந்து அவள் செய்வது வேலை என்பதில் உலகத்துக்குச் சந்தேகமே வரவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. மிஷினின் பெல்ட் சக்கரத்திலிருந்து நழுவியது. அது வாரத்துக்கு இரண்டு முறை நழுவும். பெல்ட்டுக்கு முன்னால் இருக்க வேண்டிய இரும்பு மூடியை எப்போதோ கழற்றி மூலையில் சாத்தியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் நான்கு போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தால் பொடிப்பது எப்போது? மிஷினை நிறுத்தாமல், கட்டையால் தள்ளி பெல்ட்டை ஏற்றுவதுதான் பழக்கம். அன்று கட்டை வழுக்கியது. பிச்சம்மாளின் வலது கை உள்ளே போனது. மூன்று விரல்கள்.

கூட வேலை செய்த பிரிஸில்லா மெயினை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். பிச்சம்மாளின் மேல் இருந்த சட்டையை உருவி, அதாலேயே கையைச் சுற்றிக் கட்டினாள். ஹரிநாராயணன் ஆட்டோ பிடித்தார். பிரிஸில்லாவை மிஷினைப் பார்க்கச் சொல்லிவிட்டு அவர் மட்டும் கூடப் போனார். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஊறிய சட்டையை வெட்டி எடுத்துத் தொட்டியில் போட்டார்கள். மிளகாய்த் தூள் ஏறிய அந்தச் சட்டை அத்தோடு போயிற்று. மேசைமேல் மஞ்சள் பூப்போட்ட நைட்டியோடு ஒரு பெண் கிடந்தாள்.

அட்டையும் பேனாவுமாக ஒரு நர்ஸ் வந்து குனிந்தாள்.

"எவிட வச்சா சேச்சி, சம்பவம்?"

எங்கே வைத்து நடந்தது என்று கேட்டாள். பிச்சம்மாளுக்குக் கண் இருண்டுகொண்டு வந்தது. பதின்மூன்று வருஷமாக வாயில் பழகிய சொல்தான் வெளியே வந்தது.

"வீட்டுல வச்சு."

"எந்தினிடயில?" எதற்கிடையில் என்றாள்.

"மிஷின்ல… பொடிக்கிற மிஷின்ல கை பெட்டு."

நர்ஸ் எழுதிக்கொண்டு போனாள். ஹரிநாராயணன் ஓர் அடி தள்ளி, வேட்டியில் ரத்தத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து அந்தக் காகிதத்தின் நகலை நீது வாங்கி வந்து அம்மாவுக்குத் தமிழில் படித்துச் சொன்னாள். "வீட்டில் அரைக்கும் இயந்திரத்தில் கை சிக்கியது. காலை பத்து ஐம்பதுக்கு இரவு உடையில் கொண்டுவரப்பட்டார்." அவ்வளவுதான். ஒவ்வொரு சொல்லும் உண்மை, வாக்கியம் பொய். யாரும் பொய் சொல்லாமலே ஒரு பொய் தயாராகி, முத்திரை குத்திக் கையில் வந்துவிட்டது.

முதல் வாரம் திரவியம் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் அனுப்பினார். வேலையிடத்தில் விபத்து நடந்தது என்று ஒரு கடிதம் தாருங்கள் என்று நீது போய் நின்றபோது அவர் குரல் மாறியது.

"மக்ளே, உங்கம்மா மொளகா காம்பு கிள்ள வீட்டுக்குக் கொண்டு போவா. அது அவ சவுகரியத்துக்குச் செய்யறது. அதுக்கு ஞான் கடிதம் தந்தா, நாளைக்கு இந்தத் தெருவுல உள்ளவ எல்லாம் கறி வெட்டி வெரல வெட்டிட்டு என் கடைக்கு வருவா."

"எந்த வீட்டுக்கு?" என்று கேட்டாள் நீது.

"எந்த வீட்டுக்கா? அவளுக்க வீட்டுக்கு. வேற எந்த வீட்டுக்கு?"

கடையில் பிச்சம்மாளின் பெயர் எழுதிய பதிவேடு எதுவும் இல்லை. பதின்மூன்று வருஷம் அவள் அங்கே வந்துபோனதற்கு ஒரு கையெழுத்து இல்லை. இது ஒரு முதலாளியின் தந்திரம் என்று நினைத்து ஆறுதல் கொள்ளாதீர்கள். இந்த நாட்டில் பெண்கள் குனிந்து செய்கிற வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதிவேடு என்ற ஒன்றே கிடையாது.

நீதுவுக்குக் கேஸில் நம்பிக்கை இல்லை. "வேண்டாம் அம்மே. ஞான் சம்பாதிக்குன்னுண்டல்லோ. ரெண்டு பேருக்குப் போதும். எதுக்கு ஆபீஸ் ஆபீஸா அலைய?"

இடது கையால் சோற்றைப் பிசையப் பழகிக்கொண்டிருந்த பிச்சம்மாள் நிமிரவில்லை.

"எனக்கு உன் சம்பளமும் வேண்டாம், அவனுக்க ஆரஞ்சும் வேண்டாம். நான் அங்க வேலையில இருந்தேன்னு ஒரு கடலாசுல எழுதட்டும். சும்மா வீட்டுல கெடந்து கைய விட்டேன்னு எழுதி வச்சிருக்கான்லா. அத மாத்தணும்."

அவள் கேட்டது அது ஒன்றுதான். நான் வேலையில் இருந்தேன்.

தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். ஆகஸ்டில் முதல் விசாரணை. அதிகாரி பத்மஜா நல்ல பெண்மணிதான். பிச்சம்மாளை உட்காரச் சொன்னாள், கையைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருந்தாள். ஆனால் அவள் முன்னால் இருந்தது காகிதம். காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அவளுக்குத் தெரியும். திரவியத்தின் வக்கீல், தமிழ் நன்றாகப் பேசுகிறவர், எழுந்தார்.

"சம்பவம் நடந்தது எத்தனை மணிக்கு?"

"பத்தரை."

"அப்போ என்ன உடுத்தியிருந்தீங்க?"

"நைட்டி."

"நைட்டின்னா என்ன?"

பிச்சம்மாள் விழித்தாள். "நைட்டின்னா… நைட்டிதான், சாரே."

அறையில் இரண்டொருவர் சிரித்தார்கள். வக்கீலும் சிரித்துக்கொண்டார். "அதாவது ராத்திரி படுக்கும்போது போடுற துணி. அதைப் போட்டுக்கிட்டு ஒரு ஸ்தாபனத்துக்கு வேலைக்குப் போனதா சொல்றீங்க."

"மொதலாளிதான் போடச் சொன்னது. ஓணத்துக்கு அவரு குடுத்த நைட்டிதான் அது."

"முதலாளி உங்களுக்கு நைட்டி எடுத்துக் குடுத்தார்!" என்று அவர் இழுத்த இழுப்பில் சிரிப்பு வேறு தினுசாக மாறியது. பிச்சம்மாளின் காது சூடாயிற்று. செண்பகவல்லியின் சேலைக் கதையைச் சொல்ல வந்தவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். ஒரு பெண்ணின் உண்மையை அழிக்க ஆதாரம் எதற்கு, ஓர் இழுப்புப் போதும்.

பத்மஜா கையை உயர்த்தி அடக்கினாள். "அம்மா, பேப்பரில் வீட்டில் என்னு எழுதியிருக்கு. நிங்ஙள் தன்னே பறஞ்ஞதும் அதல்லே? சாட்சி ஆரெங்கிலும் உண்டோ?" நீங்களே சொன்னதும் அதுதானே, சாட்சி யாராவது உண்டா என்றாள்.

உண்டு. பிரிஸில்லா வருவதாகச் சொல்லியிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் அவளால் வெளியே வர முடியும். போய் உடை மாற்றி வர நேரம் இல்லை. மாற்றவும் அவள் விரும்பவில்லை. அதே மஞ்சள் பூ நைட்டி, மேலே சட்டை, சட்டையெல்லாம் மிளகாய். "நான் வாய் திறக்கவே வேண்டாம் அக்கா. அப்படியே போய் நிக்கேன். வேலைக்கு என்ன உடுத்துவோம்னு கண்ணால பாக்கட்டும்" என்று முந்தின நாள் சொல்லியிருந்தாள். அதைவிடத் தெளிவான யோசனை அந்த வழக்கில் வேறு யாருக்கும் தோன்றவில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு அவள் கட்டடத்தின் வாசலுக்கு வந்தாள். காவல்காரர் கையை நீட்டி மறித்தார்.

"எங்கோட்டா? இது ஓஃபீஸாணு, பெட்ரூம் அல்ல."

"பெட்ரூமுல எவளாவது மொளகாப் பொடி அரைப்பாளா, சேட்டா? இந்தா, மோந்து பாரும்."

சட்டைக் கையை அவர் மூக்கருகே கொண்டுபோனாள். அவர் தும்மினார். அப்புறம் கோபம் வந்துவிட்டது. சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார். 'மான்யமாக', அதாவது மரியாதையாக, உடுத்தி வர வேண்டும் என்று இருந்தது. சாட்சி சொல்ல வந்தேன் என்றாள். சாட்சியானாலும் சாரி கட்டிக்கொண்டு வரட்டும் என்றார். பிரிஸில்லா போன் போட, நீது இரண்டு மாடி இறங்கி ஓடிவந்தாள். தன் துப்பட்டாவை எடுத்து அவள் தோளில் போட்டாள். போதாது என்றார் அவர். கால்வரைக்கும் மூடிய துணி, கழுத்துவரைக்கும் பொத்தான் போட்ட சட்டை, அதற்குமேல் துப்பட்டா, இவ்வளவுக்குப் பிறகும் எதை மூட வேண்டும் என்று நீது மலையாளத்தில் கத்தினாள். "மோளே, ஞான் எந்து செய்யான்? எழுதி வச்சிட்டுண்டு" என்றார் காவல்காரர். அவரும் காகிதத்தைத்தான் காட்டினார்.

நீது மேலே திரும்பி வருவதற்குள், ஒன்றே கால் மணிக்கு, சாட்சி வரவில்லை என்று எழுதி, வேறு தேதி போட்டிருந்தார்கள்.

செய்தி திரவியத்துக்கு அன்று மாலையே போய்விட்டது. பிரிஸில்லாவை அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தார். இந்த ஓணத்துக்கு, பிச்சம்மாளுக்குப் பதில் வந்தவளையும் சேர்த்து, நான்கு பெண்களுக்கும் நல்ல சேலை எடுத்துக் கொடுத்தார்.

"இனி மரியாதையா சேலை கட்டிட்டு வாங்க. நைட்டியும் கிட்டியும் வீட்டுக்குள்ள கண்டா, அன்னைக்கே கணக்கு முடிச்சிருவேன்" என்றார்.

பிரிஸில்லா வந்து இதைச் சொன்னபோது பிச்சம்மாள் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டாள்.

"மூடி போட்டாச்சா?"

"எந்த மூடி?"

"பெல்ட்டு மூடி, பிள்ளே."

"இல்லக்கா. அது மூலையிலதான் இருக்கு. நான் முந்தானைய இடுப்புல ரெண்டு சுத்துச் சுத்திச் சொருகிட்டுதான் நிக்கேன்." சிரிக்கப் பார்த்தாள். "புள்ளைங்களுக்குப் பீஸு கட்டணும், என்ன செய்ய?"

அன்று பிச்சம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்ற செண்பகவல்லியின் கை விரல்கள்தான் கண்முன் நின்றன. தான் ஒரு வரி கேட்டதற்கு நான்கு பெண்களின் உடம்பில் சேலை ஏறிவிட்டது. வழக்கை விட்டுவிட்டால் அவர் மறுபடி நைட்டிக்கு மாற்றுவாரா? மாற்ற மாட்டார். அது ஒப்புக்கொள்வதாகிவிடும். போட்டால் ஆபத்து, போடாவிட்டால் ஆபத்து. இதில் எதையுமே முடிவு செய்யும் உரிமை உடுத்துகிறவளுக்கு இல்லை.

பிரிஸில்லாவோ மற்றப் பெண்களோ இனி வர மாட்டார்கள். வரச் சொல்ல பிச்சம்மாளுக்கு மனசும் இல்லை. மிச்சம் இருந்தது ஒரே ஆள். மறுநாள் சாயங்காலம் அவள் கோட்டைக்குள் ஹரிநாராயணனைத் தேடிப் போனாள். அவர் மனைவி சீதாலக்ஷ்மி, நைட்டியில்தான், தோளில் ஒரு துண்டோடு கதவைத் திறந்தாள். "வா பிச்சம்மா, கை எப்படி இருக்கு? அடடா, இப்படியா ஆயிடுத்து!" என்று உள்ளே கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினாள். பிச்சம்மாள் நின்றுகொண்டே பேசினாள்.

"சாமி, நீங்க வேற ஒண்ணும் சொல்லாண்டாம். மொதலாளியக் குத்தம் சொல்லாண்டாம். வீடுன்னு நாம எதச் சொல்லுவோம்னு மட்டும் அந்த ஆபீசர் அம்மாகிட்ட வந்து சொல்லுங்க. அது போதும்."

ஹரிநாராயணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நேக்குத் தெரியும், பிச்சம்மா. ஆஸ்பத்திரியிலயே தெரியும். நீ வீட்டுலன்னு சொன்னப்பவே, அந்தப் பொண்ணு தப்பா எழுதறாளேன்னு மனசுல பட்டுது."

"பின்னே ஏன் சாமி சொல்லல்லே?"

"சொல்லணும்னுதான் வாயத் திறந்தேன். முதலாளியக் கேட்டுண்டு சொல்லலாமேன்னு மூடிண்டேன். அதோட நிக்கலை. முதலாளிக்காக ஆபீஸுக்குப் போன பதில் மனு இருக்கோல்லியோ, அத இங்கிலீஷ்ல எழுதினதே நான்தான். 'தம்முடைய இல்லத்தில்'னு போட்டேன். வீட்டுக்கு வேற என்ன போடறது? இப்போ நானே போய் அது இல்லம் இல்லை, கிடங்குன்னு சொன்னா, என்னை என்னன்னு நினைப்பா?"

"உண்மை சொன்னேள்னு நினைப்பா. போய்ச் சொல்லிட்டுத்தான் வாங்கோளேன்" என்றாள் சீதாலக்ஷ்மி.

"நீ சும்மா இரு. நோக்கு ஒண்ணும் தெரியாது."

சீதாலக்ஷ்மி உள்ளே போனாள். பாத்திரம் ஒன்று சத்தமாக வைக்கப்பட்டது. அவர் பிச்சம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். அப்புறம் அதையும் பார்க்கவில்லை.

"உடம்பு சரியா இருந்தா வரேன். பார்க்கலாம்" என்றார். பிச்சம்மாள் படியிறங்கினாள். அவர் வர மாட்டார் என்பது தெருமுனைக்கு வருவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் வையலாம். நல்லவர்கள் வாய் மூடிக்கொண்டிருக்கும்போது வையவும் முடியாமல் போகிறது.

அடுத்த விசாரணை வரும் வியாழக்கிழமை, காலை பதினோரு மணி. அன்றும் சாட்சி இல்லையென்றால் மனுவைத் தள்ளி முடித்துவிடுவேன் என்று பத்மஜா வருத்தத்தோடுதான் சொன்னாள். நீது அன்றைக்கு லீவு போட்டிருக்கிறாள். பிச்சம்மாள் தன் வாக்குமூலத்தின் கீழ் இடது கையால் பெயர் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறாள். ரேகை வைக்க மாட்டாளாம். 'பிச்' வரை வருகிறது. அடுத்த 'ச'வில் பேனா சறுக்கி, தாளைக் கிழித்துக்கொண்டு போகிறது. மிஷின் இப்போதும் ஓடுகிறது. பிரிஸில்லா சேலையோடு அதன் பக்கத்தில் நிற்கிறாள்.

ஆரியசாலையில் மூட்டை இறக்க வந்தவர்களே, ரசப்பொடியும் மிளகாய்ப்பொடியும் சூட்டோடு வேண்டும் என்று கடைக்குப் பின்னால் சந்தைத் தாண்டிப் போய் நின்றவர்களே, கண்ணெரிச்சலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு "சீக்கிரம் போடும்மா" என்று சொன்னவர்களே, உங்களில் எத்தனை பேர் அவளை அங்கே பார்த்திருப்பீர்கள்! பதின்மூன்று வருஷம் அவள் அந்தக் கூடத்தில் நின்றிருக்கிறாள். ஒருவர் போதும். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு முன்னால் அந்த இரண்டாம் மாடிக்கு வாருங்கள். உங்கள் முழுப் பெயரைச் சொல்லி, "இந்த அம்மா அங்கே வேலை செய்துகொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்" என்று சொல்லுங்கள். அவர்கள் அதை எழுதி முடிக்கும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.